வண்ணக்கனின் எழுத்து

எசுப்பானியர் ஆண்ட அமெரிக்காவின் கையடி வெள்ளிக்காசுகளைத் திரட்டுவோர் பலர் வட்டம் நிறைந்த காசையே நாடுகின்றனர். அவற்றிலுள்ள எழுத்தை முதலில் நோக்குதல் தகும் என்பது நம் கருத்து.

பொத்தோசி அக்கசாலையில் 1574 முதல் இக்காசுகள் அடிக்கப்பெற்றன. வெள்ளிப் பாளத்தைத் துண்டாக்கி, எடை மிகுந்தால் விளிம்பைக் கத்தரித்து, ஈரச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடித்தனர். எட்டு ரியால் காசு ஏறத்தாழ 27 கிராம் இருத்தல் வேண்டும். வடிவம் கோணினும் குற்றமில்லை. (ரிங்கிட் என்னும் மலாய்ச் சொல் சுட்டும் பல்விளிம்பு இவற்றுக்கில்லை, அது பின்வந்த பொறியடிக் காசுகளுக்கு உரியது.)

வெள்ளியின் மாற்றுக்குப் பொறுப்பேற்றவரைப் பழந்தமிழ் வண்ணக்கன் என்னும். அவரைச் சுட்டும் எழுத்து காசில் பொறிக்கப்படும். 1640களில் அவ்வெழுத்தே பொய்த்தது. மாற்றுக் குறைந்த பொத்தோசிக் காசை ஐரோப்பிய வணிகர் ஏற்க மறுத்தனர். மன்னர் நான்காம் பிலிப்பு அனுப்பிய நெசுத்தாரெசு மரீன் விசாரித்தார். 1650இல் வெள்ளி வணிகர் கோமெசு தெ லா ரோச்சாவும் வண்ணக்கர் இராமிரெசு தெ அரெல்லானோவும் கொல்லப்பட்டனர்.

1652இல் தூண்களும் கடலலைகளும் கொண்ட புதிய அச்சு வந்தது. ஆண்டும் அக்கசாலைக் குறியும் வண்ணக்கன் எழுத்தும் அதில் பலவிடத்து மீண்டும் மீண்டும் இடம்பெற்றன. சம்மட்டி ஓரிடத்தைத் தவறவிடினும் மற்றோரிடத்தில் பொறுப்பாளி தெரிவார். இன்று பளபளப்பு வேண்டி அமிலத்தில் துலக்குவோர் முதலில் இழப்பது, மங்கலாய் எஞ்சிய அவ்வெழுத்தையே.