ஆயிரம் நீலங்கள் (புதினம்)

ஆயிரம் நீலங்கள் என்பது தென்கொரிய எழுத்தாளர் சியோன் சியோன்ரான் (பிறப்பு: 1993) கொரிய மொழியில் எழுதிய அறிவியல் புனைவுப் புதினம் ஆகும். பந்தயக் குதிரை ஒன்றையும் அதன்மீது அமர்ந்து ஓட்டும் எந்திரனையும் பற்றிய கதை இது. 2019ஆம் ஆண்டில் நான்காவது கொரிய அறிவியல் இலக்கிய விருதின் நெடும்புனைவுப் பிரிவில் முதற்பரிசு பெற்றது. 2020 ஆகஸ்டில் நூலாக வெளிவந்தது. சி-யங் கிம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2025இல் வெளியானது.

பின்னணி

கதை 2035ஆம் ஆண்டில் தென்கொரியாவில் நிகழ்கிறது. குதிரைப் பந்தயங்களில் மனிதர்களுக்குப் பதிலாக மனித உருவ எந்திரர்களே குதிரையேறிகளாக உள்ளனர். இது முழுக் கற்பனை அன்று. ஒட்டகப் பந்தயங்களில் சிறுவர்களைப் பயன்படுத்துவதற்கு எதிர்ப்பு எழுந்ததால், கத்தாரும் ஐக்கிய அரபு அமீரகமும் 2005இல் அவர்களுக்குத் தடை விதித்துத் தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு எந்திரர்களை ஒட்டகங்களின்மீது ஏற்றின. அங்கே எந்திரன் குழந்தைகளைக் காத்தது. இப்புதினம் அடுத்த கேள்வியைக் கேட்கிறது: விழுந்தால் உயிரிழக்கக் கூடிய மனிதன் முதுகில் இல்லாதபோது விலங்கின் வேகத்திற்கு எல்லை வகுப்பவர் யார்?

கதைச்சுருக்கம்

சி-27 என்னும் குதிரையேறி எந்திரனுள் அதற்கு உரியதல்லாத கற்றல் சில்லு ஒன்று தவறுதலாகப் பொருத்தப்பட்டு விடுகிறது. அதற்கு ஆயிரம் சொற்கள் தெரியும். வானத்தைப் பார்ப்பதில் ஆர்வம் உண்டு. அது ஓட்டும் கரிய பெண்குதிரையின் பெயர் டுடே (இன்று எனப் பொருள்). இடைவிடாத ஓட்டத்தால் டுடேயின் மூட்டுக் குருத்தெலும்பு தேய்ந்து போகிறது. பந்தயத்தின் நடுவே சி-27 கீழே விழுந்து இடுப்புக்குக் கீழே நொறுங்குகிறது. எந்திரனைப் பழைய பொருளாகக் கழிக்கவும், இனி ஓட இயலாத குதிரையைக் கருணைக்கொலை செய்யவும் முடிவாகிறது.

கடை வேலையை எந்திரனிடம் பறிகொடுத்த 17 வயது மாணவி யோன்ஜே, தன் சேமிப்பைக் கொடுத்து அதை வாங்குகிறாள். பச்சை நிறத்தால் புரோக்கோலியை நினைவூட்டுவதால் அதற்குக் கோலி எனப் பெயரிட்டு, தோழி ஜிசூவின் உதவியுடன் பழுது நீக்குகிறாள். அவளுடைய அக்கா உன்ஹ்யே இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் இருப்பவள். டுடேயை அடிக்கடி சென்று காண்பவள். அவர்களின் தாய் போக்யோங் முன்னாள் நடிகை. தீயணைப்பு வீரரான கணவரை இழந்தவர். பந்தயத் திடலுக்கு அருகில் உணவகம் நடத்துகிறார்.

குதிரையின் சாவைச் சற்றுத் தள்ளிவைக்க, அதை மீண்டும் ஒரு பந்தயத்தில் இறக்க இவர்கள் திட்டமிடுகின்றனர். நோக்கம் வெற்றி அன்று. கோலியும் டுடேயும் மெதுவாக ஓடப் பழகுகின்றனர். ஆயினும் திடலில் இறங்கிய டுடே தானே வேகமெடுக்கிறது. தன் எடை அதற்குச் சுமையாவதை உணர்ந்த கோலி தானாகவே கீழே விழுகிறது.

கருப்பொருள்

அத்தியாயங்கள் வெவ்வேறு பாத்திரங்களின் பார்வையில் அமைந்துள்ளன. அவற்றுள் உன்ஹ்யேயின் பகுதி குறிப்பிடத்தக்கது. நடக்க உதவும் உயர்தொழில்நுட்பச் செயற்கைக் கால்கள் அக்காலத்தில் கிடைக்கின்றன. விலை மட்டும் எட்டாதது. சாலைகளும் படிகளும் இடம் கொடுத்தால் சக்கர நாற்காலியே அவளுக்குப் போதும். ஓட முடியாத குதிரைக்கு வாழும் உரிமை இல்லை என்னும் விதி தன்மீதும் பாயக்கூடியது என்பதை மற்றவர்களுக்கு முன்பே அவள் அறிகிறாள். பந்தய முடிவைவிட இப்பகுதிகளே நூலின் வலிமை எனலாம்.

தலைப்பு, கோலி அறிந்த ஆயிரம் சொற்களையும் அது விரும்பிய வானத்தின் நிறத்தையும் இணைப்பதாகும்.

மேடை வடிவங்கள்

2024இல் இக்கதை தென்கொரியாவில் நாடகமாகவும் இசை நாடகமாகவும் மேடையேறியது. கொரியத் தேசிய நாடகக் குழுவின் நாடகத்தில் கோலியாக உண்மையான எந்திரன் ஒன்று நடித்தது. ஏப்ரலில் தொடங்கவிருந்த காட்சிகள், அந்த எந்திரனின் மின்சுற்றுக் கோளாறு காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டன.