இடைவெளியின் வலிமை

பண்டைய உரோமரின் போர் வெற்றிகளைப் பேசுவோர், அவர்களுடைய வாளையும் வீரத்தையுமே பெரிதும் புகழ்வர். வாளும் வீரமும் அவர்தம் எதிரிகளிடத்தும் குறைவின்றி இருந்தன. உரோமப் படையைத் தனித்து உயர்த்தியது, அது களத்தில் நின்ற ஒழுங்கு. அவ்வொழுங்கின் உயிர்நாடியோ, அணிகளுக்கிடையே விடப்பட்ட வெற்றிடம்!

கி.மு. இரண்டாம் நூற்றாண்டினரான கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இப்படையமைப்பை விரித்துரைத்துள்ளார். ‘லீஜியன்’ எனும் படைப்பிரிவில் ஏறத்தாழ 4,200 காலாட்கள் இருந்தனர். இளைஞர் 1,200 பேர் இலேசான ஆயுதங்களுடன் முன்சென்று போரைத் தொடங்குவர். அவர்களுக்குப் பின்னே மூன்று வரிசைகள்: ‘ஹஸ்தாத்தி’ 1,200 பேர், வயது முதிர்ந்த ‘பிரின்சிபெஸ்’ 1,200 பேர், அனுபவம் பழுத்த ‘திரியாரி’ 600 பேர். ஒவ்வொரு வரிசையும் பத்துச் சிறு அணிகளாகப் பிரிந்து நிற்கும். முன்வரிசையின் இடைவெளிக்கு நேரே பின்வரிசையின் அணி அமையும். சதுரங்கப் பலகையின் கட்டங்களை ஒத்த தோற்றம். களைத்த அணி அவ்வழியே பின்வாங்கும்; களைப்புறாத அணி முன்னேறும். “காரியம் திரியாரிகள் வரை வந்துவிட்டது” என்பது, நெருக்கடி முற்றியதைக் குறிக்க உரோமர் வழங்கிய பழமொழியாம்.

இவ்வொழுங்கு கைவிடப்பட்டபோது நேர்ந்தது யாது? கி.மு. 216இல், இத்தாலியின் கன்னே என்னுமிடத்தில், கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலை உரோமர் எதிர்த்தனர். உரோமரிடம் சுமார் 80,000 காலாட்கள். அவனிடம் அதில் பாதியே. எண்ணிக்கையை நம்பிய உரோமத் தளபதிகள் அணிகளை நெருக்கி, ஆழத்தைப் பெருக்கினர். ஹன்னிபாலோ தன் நடுப்படையைப் பிறைபோல் முன்வளைத்து நிறுத்தினான். அது மெல்லப் பின்வாங்க, உரோமர் திரண்டு உட்புகுந்தனர். இருமருங்கிலும் நின்ற ஆப்பிரிக்கப் படையினர் திரும்பித் தாக்கினர். குதிரைப்படை பின்புறத்தை அடைத்தது. பெருங்கூட்டமே அவர்களுக்குச் சிறையாயிற்று. மாண்டோர் தொகை லிவியின் கணக்கில் 48,000க்கு மேல். பொலிபியஸின் கணக்கில் 70,000.

அக்களத்தில் உயிர் தப்பிய இளம் அதிகாரி ஸிப்பியோ, கி.மு. 202இல் ஆப்பிரிக்காவின் ஜாமாவில் ஹன்னிபாலைச் சந்தித்தான். எதிரே எண்பதுக்கு மேற்பட்ட யானைகள்! ஸிப்பியோ இம்முறை அணிகளைக் கட்டம் மாற்றி நிறுத்தவில்லை; ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, இடையே நேரான பாதைகளைத் திறந்துவைத்தான். எக்காள ஒலியில் மிரண்ட யானைகள் சில தம் படையையே மிதித்தன. பல அப்பாதைகள் வழியே ஓடி மறைந்தன. பின்னர் ஹஸ்தாத்திகளை எக்காளமூதித் திரும்ப அழைத்து, மற்ற இரு வரிசைகளையும் பக்கங்களில் சேர்த்து, போரின் நடுவே புதிய அணிவகுப்பை அமைத்தான். துரத்திச் சென்ற அவனது குதிரைப்படை மீண்டுவந்து எதிரியின் பின்புறத்தைத் தாக்க, வெற்றி உரோமரைச் சேர்ந்தது.

கன்னேயில் தோற்றதும் உரோமப் படை. ஜாமாவில் வென்றதும் உரோமப் படை. கூட்டத்தின் பெருக்கம் மட்டும் வலிமையாகாது. களைத்தவன் பின்வரவும் புதியவன் முன்செல்லவும் வழிவிட்டு நிற்கும் கூட்டமே நிலைத்து நிற்கும்.