கூலர், வெட்டிவேர், கொஞ்சம் பங்கா

மே மாதம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வருடாந்திரப் பஞ்சாயத்து உண்டு. டெல்லி மயூர் விஹாரில் மேல்மாடி ஃப்ளாட். பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடி ராத்திரி பத்து மணிக்கு மேல் சூட்டை வீட்டுக்குள் இறக்கும். ஃபேன் போட்டால் அதே சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி விடும். தங்கமணி ஏ.சி. என்பார், நான் கூலர் என்பேன். (சமாதானமாக இப்போது இரண்டும் இருக்கிறது :-))

கூலரை நான் ஒருமுறை மாற்றலில் சென்னைக்கும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். பி.காம். படித்தவன், பௌதிகம் தெரியவில்லை! டெல்லியில் 42 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் நல்ல கூலர் 28 வரை கொண்டுவரும். சென்னையில் 38 டிகிரி, 60 சதவீதம் என்றால் 32க்குக் கீழே வராது. கூடவே உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. ஏற்கெனவே ஈரமான காற்றில் தண்ணீர் எப்படி ஆவியாகும்?

இந்த வித்தை பழசு. நனைத்த வெட்டிவேர்த் தட்டிகளை வைத்து அறையைக் குளிர்விப்பதை ஆரம்பித்தவர் அக்பர் என்கிறது அபுல் ஃபசலின் அயினி அக்பரி. 'வெட்டிவர்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் தமிழிலிருந்து போனதுதான். ஆனால் 'தட்டி' என்று இங்கே சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள், இன்றைய ஹிந்தியில் அர்த்தமே வேறு!

வெள்ளைக்காரர்களும் வாசலிலும் ஜன்னலிலும் அதையே கட்டினார்கள். 1830களில் 'தெர்மான்டிடோட்' என்று ஒரு பெட்டி வந்தது. உள்ளே கையால் சுற்றும் விசிறி, பக்கங்களில் ஈர வெட்டிவேர். மோட்டாரும் பம்பும் வைத்தால் என் வீட்டுக் கூலர். மோட்டாருக்குப் பதில் ஓர் ஆள், பம்புக்குப் பதில் தோல்பையோடு ஒரு பிஸ்தி, அவ்வளவுதான் வித்தியாசம்.

பங்கா கதையும் அதேதான். உத்தரத்தில் தொங்கும் பெரிய துணி விசிறி, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தாவில் பரவியது. கயிறு சுவர் ஓட்டை வழியாக வராந்தாவுக்குப் போகும். இழுப்பவர் வெக்கையில், காற்று உள்ளே இருப்பவருக்கு. 1899ல் கல்கத்தாவுக்கு மின்சாரம் வந்தது. ஆனாலும் சின்ன ஊர்களில் கயிறு ரொம்ப வருஷம் ஓடியது.

எவ்வளவு வருஷம் என்று போன மே மாதம்தான் எனக்கு உறைத்தது. ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. பையனுக்கு விசிறிக்கொண்டே சொன்னார், "எங்க தாத்தாவுக்கு இதாண்டா உத்தியோகம்."

எனக்குப் புரியவில்லை.

"கோர்ட்டுல பங்கா இழுத்தார். கை வலிச்சா கால் கட்டைவிரல்ல கயித்தைக் கட்டிக்கிட்டு, படுத்துக்கிட்டே இழுப்பாராம். கண் அசந்தா மூஞ்சில தண்ணி."

எனக்கு நாற்பத்தைந்து வயது. இதுவரை அவர் 'கோர்ட் உத்தியோகம்' என்றுதான் சொல்லியிருக்கிறார். நானும் குமாஸ்தா என்று நினைத்து, பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோர்ட்டுத் தீர்ப்புகளில் ஜட்ஜ் பெயர், வக்கீல் பெயர் எல்லாம் இருக்கும். அவருடைய கூலி, எங்கள் பேங்க் பாஷையில் சொன்னால், சில்லறைச் செலவுக் கணக்கில் போயிருக்கும்.

"ஏம்ப்பா இத்தனை நாள் சொல்லல?" என்றேன். கரண்ட் வந்துவிட்டது, அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்த வருஷமும் வந்திருக்கிறார். கூலர் தொட்டிக்குச் சாயங்காலம் ஐந்து பக்கெட் தண்ணீர் வேண்டும். வேலை செய்யும் பெண் பக்கெட்டைத் தூக்கினால் வாங்கிக்கொண்டு அவரே ஊற்றுகிறார்.