விடியும்வரை யார் அடுப்பில் தணல் இருந்தது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்கெடுப்புக்காக இராமநாதபுரம் பக்கத்தில் ஒரு காலனிக்குப் போயிருந்தோம். கையிலிருந்த படிவத்தில் ஒரு கேள்வி: “உங்கள் விறகடுப்பு சிறு தீயில் எவ்வளவு நேரம் எரியும்?” எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டியிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டார்.

“அடுப்பைக் கேட்டா அதுக்கு என்னப்பா தெரியும்? வெறகைக் கேளு. ஊருக்குள்ள புளியங்கட்டைய வச்சு மூடுனா விடிய விடியக் கங்கு கெடக்கும். நம்ம முள்ளு, சோறு கொதிக்கிறதுக்குள்ள சாம்பலாப் போயிரும்.”

இதை எழுதப் படிவத்தில் இடமில்லை. ‘நிமிடம்’ என்று ஒரு கட்டம் மட்டும்தான் இருந்தது. ஆனால் அன்று நாங்கள் கேட்ட பதில்களில் சரியானது அதுதான். சிறு தீ எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை அடுப்பு முடிவு செய்வதில்லை. விறகு முடிவு செய்கிறது. எந்த விறகு யாருக்குக் கிடைக்கும் என்பதை நிலம் முடிவு செய்கிறது. நம் ஊர்களில் நிலத்தை முடிவு செய்தது எது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் நெருப்பைப் பார்ப்போம். விறகு சூடேறும்போது அதிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. போதிய காற்றும் சூடும் இருந்தால் அவை சுடராக எரியும். காற்றைக் குறைத்தால் சுடர் அடங்கும். கரியாக மாறிய பகுதி மட்டும் கனன்றுகொண்டிருக்கும். எரியாமல் போன வாயுதான் புகை. பருத்த கட்டையில் காற்றுப் படும் பரப்பு குறைவு. அதனால் மெல்ல எரியும். அதைச் சாம்பலால் மூடினால் இரவு முழுக்கத் தணல் தாங்கும். ‘நீறு பூத்த நெருப்பு’ என்று சொல்கிறோமே, அது இதுதான். சுள்ளியும் பருத்திமாரும் சோளத்தட்டையும் அப்படியல்ல. பொசுக்கென்று பற்றும், பொசுக்கென்று அணையும். அவற்றுக்குச் சிறு தீ என்ற நிலையே கிடையாது.

அப்படியானால் சுள்ளி எரிக்கும் வீட்டில் சோறு பொங்கியது எப்படி? அடுப்புப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பெண் பிள்ளை. கட்டை இருக்கும் வீட்டில் கட்டை செய்யும் வேலையை, கட்டை இல்லாத வீட்டில் ஒரு குழந்தை செய்தது. பள்ளிக்கூடத்துக்கு அவள் ஏன் தாமதமாக வந்தாள் என்று வாத்தியார் கேட்டிருப்பார். அடுப்பு என்ற பதிலை அவர் காரணமாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

தீப்பெட்டி வீட்டுக்கு வீடு வருவதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பாருங்கள். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியதே 1920களில்தான். அதற்கு முன்பும், காசு கொடுத்துத் தீப்பெட்டி வாங்க முடியாத வீடுகளில் அதற்குப் பின்பும், நெருப்பை அணையாமல் காப்பது அன்றாடக் கவலை. அணைந்தால் பக்கத்து வீட்டில் கங்கு வாங்கி வர வேண்டும். அதைப் பற்றியும் அந்தப் பாட்டியிடம் கேட்டோம். “நம்ம தெருவுல ஒரு வீட்டுல கங்கு இருந்தா எல்லா வீட்டுலயும் ஒல பொங்கும். ஊருக்குள்ள போயி நெருப்புக் கேக்க முடியுமா?” என்றார். தண்ணீருக்கு நடந்த போராட்டங்கள் நமக்குத் தெரியும். நெருப்புக்கும் நம் தெரு தன்னையே நம்பி இருந்திருக்கிறது.

இனி விறகுக்கு வருவோம். 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. ஒதுக்கப்பட்ட காடுகளில் அதிகாரிகளின் அனுமதியில்லாமல் மரம் வெட்டுவது குற்றமானது. காடு இப்படிப் போனது என்றால், ஊரையொட்டிய தரிசு இன்னொரு விதத்தில் போனது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இதற்குச் சாட்சி. தரிசு நிலத்தைப் பட்டியல் சமூகத்தவர் கேட்டு மனுச் செய்தால் மிராசுதாரர்கள் எப்படித் தடுத்தார்கள், குடிசை போட்ட மனைக்குக்கூட அவர்கள் எப்படி உரிமை கொண்டாடினார்கள் என்பதை அவர் பதிவு செய்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணையால் கிடைத்தவைதான் பஞ்சமி நிலங்கள். பிறகு அவை எப்படிக் கைமாறின என்பது தனிக் கதை. நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். குடியிருக்கும் மனையே தன்னுடையது இல்லை என்றால், அந்த மனையில் யார் மரம் வைப்பார்கள்? நட்டவன் காலத்தில் கட்டையாகாத மரத்தை, நாளைக்கே வெளியேறச் சொல்லக்கூடிய இடத்தில் எவரும் நட மாட்டார்கள்.

நமக்கு மிஞ்சியது முள்ளும் மட்டையும் எருவும்தான். மாடு வைத்திருந்தால் வறட்டி தட்டலாம். வறட்டி மெல்லக் கனலும், தணலும் நிற்கும். ஏழைக்குக் கிடைத்த சிறு தீ அதுதான். ஆனால் அதற்கு விலை புகை. சன்னல் இல்லாத ஒற்றை அறைக் குடிசையில், படுக்கிற இடத்துக்கு நான்கடி தள்ளிக் கனலும் வறட்டி என்றால் அந்தப் புகை யாருக்குள் போயிருக்கும்?

இந்த இடத்தில் கடலுக்கு அப்பால் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவோம். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க இரும்பு விறகடுப்பு வைப்பார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் அந்த அடுப்புகளின் விற்பனை பெருகியது. காற்றுத் துவாரத்தை ஏறக்குறைய மூடிவிட்டுப் படுத்தால் இரவு முழுக்க அடுப்பு கனலும். கூடவே புகைபோக்கி வழியாகக் கடும் புகையும் வெளியேறும். புகார்கள் எழுந்தன. 1988இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, புதிய விறகடுப்புகள் மணிக்கு எத்தனை கிராம் புகைத் துகள் விடலாம் என்று வரம்பு வைத்தது. தீ தழைத்து எரியும்போது மட்டும் அளந்தால் போதாது, குறைத்து வைத்தும் அளக்க வேண்டும் என்பது அந்தச் சோதனையின் விதி. சிறு தீதான் அதிகம் புகையும் என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்டு சட்டமாக்கியது. இத்தனைக்கும் அங்கே புகை வீட்டுக்கு வெளியேதான் போனது.

இங்கே யாருமே யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் ‘மகன் சூலா’ என்ற புகைபோக்கி அடுப்பை உருவாக்கியது. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி.ராஜு, கோடிக்கணக்கான ஏழைகளுக்குப் புகையில்லாச் சமையலறை வேண்டும் என்று 1953இல் ஒரு நூலே வெளியிட்டார். 1980களில் ஒன்றிய அரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. திட்டம் 2002இல் கைவிடப்படுவதற்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டதாகக் கணக்கு.

அந்த அடுப்புகளில் சிலவற்றின் மிச்சத்தை நாங்கள் காலனிகளில் பார்த்திருக்கிறோம். அளவாக வெட்டிய விறகை நினைத்துக் கட்டிய வாயில் முள் நுழையாது. ஓலைக் கூரையைத் துளைத்துக் குழாய் விட்டால் மழை ஒழுகும், தீப்பொறி விழும் என்ற பயமும் உண்டு. கரி அடைத்த குழாயைத் துடைக்க யாரும் திரும்பி வரவில்லை. “சனங்க பழக்கத்த விடமாட்டேங்குறாங்க” என்று ஓர் அலுவலர் எங்களிடம் குறைப்பட்டார். நல்ல விறகும் ஓட்டுக்கூரையும் உள்ள வீட்டுக்காக வரைந்த அடுப்பைக் குடிசையில் கட்டிவிட்டு, தோற்றது சனங்கள் என்று எழுதிவிட்டார்கள்.

புகையை அளந்தவர்களும் வந்தார்கள். சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் ஆய்வு செய்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விறகு, எரு போன்றவற்றை எரிக்கும் வீடுகளில் சமைப்பவர்கள் ஒரு நாளில் சுவாசித்த காற்றில் கன மீட்டருக்குச் சராசரியாக 231 மைக்ரோகிராம் நுண்துகள். சமைக்காதவர்களுக்கு 90. ஒரே வீட்டுக்குள் பெண்ணின் நுரையீரலுக்கும் ஆணின் நுரையீரலுக்கும் இடையிலான தூரம் இது. இந்தக் கணக்கைச் சாதி வாரியாகவும் எடுத்தால் என்ன வரும் என்று கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2007இல் இலவச எரிவாயு அடுப்பு வந்தது. 2016இல் உஜ்வலா வந்தது. இரண்டையும் வரவேற்கிறோம். புகையிலிருந்து நம் பெண்கள் வெளியே வர அவை வழி திறந்தன. ஆனால் அடுப்பு இலவசம், சிலிண்டர் இலவசமில்லை. 2022இல் சிலிண்டர் விலை 1,000 ரூபாயைத் தாண்டியபோது நாங்கள் போன பல வீடுகளில் எரிவாயு அடுப்பின் மேல் துணி போர்த்தியிருந்தது. விருந்தாளி வந்தால் தேநீர் போட அது. அன்றாடச் சோற்றுக்குச் சீமைக் கருவேலம். அந்த மரத்தை அடியோடு அகற்ற வேண்டும் என்று 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டு, பிறகு அதற்குத் தடை வந்த காலத்தில், நிலத்தடி நீரைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். அதை வெட்டிவிட்டால் காலனியில் எதை எரிப்பார்கள் என்று கேட்ட குரல் மட்டும் அதிகம் கேட்கவில்லை.

எனவே நாம் கேட்பது எளிமையானது. பட்டியல் சாதித் துணைத்திட்ட நிதியிலிருந்து சிலிண்டர் நிரப்பும் செலவுக்கு வழி செய்யுங்கள். மீட்கப்படும் பஞ்சமி நிலத்தையும் வீட்டுமனைப் பட்டாவையும் பெண்கள் பெயரில் கொடுங்கள். கணக்கெடுப்புப் படிவத்தில் அடுப்பு இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், நேற்று எதை எரித்தீர்கள், யார் பொறுக்கி வந்தார்கள், எவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்றும் கேளுங்கள்.

அன்று கிளம்பும்போது, படிவத்தில் எத்தனை நிமிடம் என்று எழுதட்டும் என்று பாட்டியிடம் மறுபடி கேட்டோம். “எம் பேத்தி பக்கத்துல இருக்குற வரைக்கும் எரியும்னு எழுதிக்க” என்றார். கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் அப்படியே எழுதிக்கொண்டு வந்தோம்.