பாம்பன் பாலமும் மீள்திறனை அளப்பதும்

மண்டபத்தையும் பாம்பன் தீவையும் இணைத்த பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இதன் நீளம் சுமார் 2 கிலோமீட்டர். கப்பல்கள் கடந்து செல்வதற்காக இரண்டு பக்கமும் மேலெழும் ஷெர்சர் தூக்குப் பகுதி இதில் அமைக்கப்பட்டிருந்தது. இப்பாலத்தின் உறுதிக்குச் சான்றாக 1964ஆம் ஆண்டுப் புயலைக் குறிப்பிடுவது வழக்கம். ஆனால் அந்தப் புயலில் பாலத்தின் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. அது தாக்குப்பிடித்தது என்று சொல்வதைவிட, மீண்டு வந்தது என்று சொல்வதே பொருந்தும்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில், தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் ரயில் பேரலையில் சிக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாலத்தின் சுமார் 145 கண்களில் 120க்கும் மேற்பட்டவற்றின் இரும்பு உத்திரங்களை அலைகள் அடித்துச் சென்றன. தூண்கள் பெரும்பாலும் நின்றன. தூக்குப் பகுதியும் தப்பியது.

சீரமைப்புக்கு ரயில்வே முதலில் ஆறு மாதம் கெடு வைத்தது. பின்னர் அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பேற்ற பொறியாளர் இ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. அவர் 46 நாட்களில் வேலையை முடித்தார். கடலடியில் உத்திரங்கள் கிடந்த இடம் மீனவர்கள் மூலம் தெரியவந்தது. அவற்றைத் தூக்கியெடுத்து மீண்டும் பொருத்தியதால்தான் காலம் இந்த அளவு சுருங்கியது.

பேரிடரைச் சந்திக்கும் கட்டமைப்புகளின் மீள்திறனை அளக்க, அமெரிக்க நிலநடுக்கப் பொறியாளர்கள் 2003இல் ஒரு முறையை முன்வைத்தனர். வரைபடத்தாளில் கிடைக்கோட்டில் நாட்களையும், நிலைக்கோட்டில் சேவையின் அளவை விழுக்காட்டிலும் குறிக்க வேண்டும். பேரிடர் நாளில் கோடு கீழே விழும்; சீரமைப்பு நடக்க நடக்க மேலே ஏறும். இடையில் விழும் பள்ளத்தின் பரப்பே இழப்பு. பள்ளம் சிறிதாக இருந்தால் மீள்திறன் அதிகம்.

பாம்பனுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ இருபது கண்கள் மிஞ்சியிருந்தாலும் சேவை சுழியம்தான். ஒரே ஒரு கண் இல்லாவிட்டாலும் ரயில் போகாது அல்லவா? ஆகவே 100 விழுக்காட்டுச் சேவை 46 நாட்களுக்கு இல்லாமற்போனது. முதற்கெடுவின்படி நடந்திருந்தால் இழப்பு ஏறக்குறைய 180 நாட்கள், அதாவது நான்கு மடங்கு. பாலம் அதேதான், புயலும் அதேதான்; பள்ளத்தின் அளவை மாற்றியது சீரமைப்பின் வேகம்.

எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். பாலத்தின் கோடு 46ஆம் நாளில் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதையின் கோடு இன்றுவரை எழவில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற கப்பல், புயலுக்குப் பின் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது. 1980களில் அதுவும் நின்றது. 'இலங்கைக்குப் போகும் வழி' என்று அளந்தால் பாம்பனின் வெற்றிக்கதை வேறுவிதமாகத் தோன்றும். பாலத்தைப் புகழும் கட்டுரைகள் பல இந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை.

மாற்று வழி உண்டா என்பது மீள்திறனின் மற்றொரு கூறு. 1964இல் தீவுக்குச் சாலைப் பாலம் இல்லை. படகு மட்டுமே இருந்தது. சாலைப் பாலம் 1988இல்தான் திறக்கப்பட்டது.

பழைய பாலத்தின் பிற்காலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியும், இரும்பின் நிலையைக் கண்காணிக்கும் உணர்கருவிகளும் பொருத்தப்பட்டன. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயில் நிறுத்தப்படும். உப்புக் காற்றில் தேய்ந்த பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து முற்றிலும் நிறுத்தப்பட்டது. ரயில்கள் மண்டபத்தோடு நின்றன. பயணிகள் சாலைப் பாலத்தின் வழியே தீவுக்குச் சென்றனர். செங்குத்தாக மேலெழும் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியுடன் கூடிய புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது.