நிரல் அனுப்பும் குறுஞ்செய்தி

குறுஞ்செய்தியின் அடிப்படை 1980களின் நடுவில், ஜி.எஸ்.எம். தொலைபேசி முறையை வடிவமைத்த ஜெர்மானிய, பிரெஞ்சுப் பொறியாளர்களிடம் உருவானது. ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட், பெர்னார் கிலபேர் இருவரும் முன்வைத்த யோசனை சிக்கனமானது. அழைப்பை இணைக்கவும் துண்டிக்கவும் வலையமைப்புக்குள் ஓடும் கட்டுப்பாட்டுத் தடம் பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கிறது. அதில் சிறு செய்திகளை ஏற்றிவிடலாம். அந்தத் தடத்தில் கிடைத்த இடம் 140 பைட். ஓர் எழுத்துக்கு 7 பிட் என்று சுருக்கியதால் 160 ஆங்கில எழுத்துகள் அதற்குள் அடங்கின. அந்த அளவு இன்றும் மாறவில்லை. நீளமான செய்தி துண்டுகளாகப் பிரிந்தே செல்கிறது. அனுப்பும் நிறுவனத்துக்குக் கட்டணமும் துண்டுக்கு ஒன்றாகவே விழுகிறது.

1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் முதல் செய்தி போனது. செமா குழுமத்தின் பொறியாளர் நீல் பாப்வொர்த் ஒரு கணினியில் கிறிஸ்துமஸ் வாழ்த்தைத் தட்டி, வோடஃபோனைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜார்விஸின் ஆர்பிடெல் 901 கைபேசிக்கு அனுப்பினார். எழுத்துகளைத் தட்டும் வசதி அன்றைய கைபேசிகளில் இல்லை. தொலைபேசி நிறுவனங்கள் மனத்தில் வைத்திருந்ததும் பேஜர் போன்ற ஒருவழி அறிவிப்புதான். ஆக, கணினி மனிதருக்கு அனுப்பும் செய்தியாகவே இது தொடங்கியது. மனிதர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது அதன் பிறகு வந்த பழக்கம்.

எந்தச் செய்தியும் நேராகக் கைபேசிக்குப் போவதில்லை. தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையம் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. கைபேசி அணைந்திருந்தால் அது மீண்டும் வலையமைப்புக்கு வரும்வரை காத்திருந்து ஒப்படைக்கிறது. இந்த மையத்தின் கதவு எந்தக் காலத்தில் யாருக்குத் திறந்தது என்பதே இத்துறையின் வரலாறு.

முதலில் அது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் திறந்தது. அயர்லாந்தின் ஆல்டிஸ்கான் நிறுவனம் 1990களில் எஸ்.எம்.பி.பி. என்ற நெறிமுறையை உருவாக்கியது. வெளிக் கணினி ஒன்று பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து மையத்தோடு இணைந்து, அந்த இணைப்பை அறுபடாமல் வைத்துக்கொண்டு செய்திகளைக் கொடுக்கும். போய்ச் சேர்ந்ததற்கான அறிக்கையையும் அதே வழியில் வாங்கும். ஆல்டிஸ்கான் பின்னர் லாஜிகாவின் கைக்குப் போனது. நெறிமுறை நிலைத்துவிட்டது, 1999இல் வந்த அதன் 3.4ஆம் பதிப்பு இன்றும் உலகெங்கும் செய்திகளைச் சுமக்கிறது. ஆனால் இந்த வழியில் நுழைய ஒவ்வொரு தொலைபேசி நிறுவனத்தோடும் தனி ஒப்பந்தம் வேண்டும். அதற்கு வழியில்லாதவர்கள் சிம் அட்டை செருகிய மோடத்தைக் கணினியில் பொருத்தி அனுப்பினார்கள். 1999இல் பின்லாந்தின் வாப்பிட் நிறுவனம் தொடங்கிய கேனல் என்ற திறமூல மென்பொருள் இவ்விரு வழிகளுக்கும் பயன்பட்டது. 2000இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் தோன்றிய கிளிக்கட்டெல் போன்றவை, பல தொலைபேசி நிறுவனங்களின் இணைப்பை மொத்தமாக வாங்கி இணையம் வழியாகச் சில்லறையாக விற்றன.

கதவை உண்மையிலேயே அகலத் திறந்தது ட்விலியோ. அமேசானில் பணியாற்றியிருந்த ஜெஃப் லாசன் 2008இல் அதை இவான் குக், ஜான் வோல்தூயிஸ் ஆகியோருடன் சேர்ந்து தொடங்கினார். 2010 பிப்ரவரியில் குறுஞ்செய்திச் சேவை வந்தது. அனுப்பும் எண், பெறும் எண், செய்தி ஆகிய மூன்றையும் ஒரு சாதாரண இணையக் கோரிக்கையில் வைத்து அனுப்பினால் போதும், எஸ்.எம்.பி.பி.யும் ஒப்பந்தங்களும் மறுபக்கத்தில் மறைந்துவிடும். பதில் செய்தி வந்தால் ட்விலியோவே நிரலாளரின் இணைய முகவரியைத் தட்டி அதைத் தரும். ஒப்பந்தப் பேச்சு இல்லை. கடன் அட்டை இருந்தால் அன்றைக்கே தொடங்க முடிந்தது, அனுப்பிய செய்திக்கு மட்டும் பணம். 2010 மே மாதம் நியூயார்க்கில் நடந்த ஒரு நிரலாக்கப் போட்டியில் ஒரே இரவில் குரூப்மீ என்ற குழு அரட்டைச் சேவை இதன்மேல் எழுந்தது; அடுத்த ஆண்டே ஸ்கைப் அதை வாங்கியது. ஓர் இரவு வேலைக்கு இப்படியொரு விளைவு முந்தைய முறையில் சாத்தியமே இல்லை.

இந்தியாவில் நிரல் அனுப்பும் குறுஞ்செய்திக்குத் தேவையை உருவாக்கியது ரிசர்வ் வங்கி. இணையத்தில் அட்டை வழியாகச் செலுத்தும் பணத்துக்குக் கூடுதல் சரிபார்ப்பு 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமானது; குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓ.டி.பி. அன்றாடச் சொல்லானது. மறுபுறம் விளம்பரச் செய்திகளின் தொல்லை பெருகியது. 2011 செப்டம்பர் 27 முதல் ஒரு சிம்மிலிருந்து நாளுக்கு 100 செய்திகள் மட்டுமே என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டுப்படுத்தியது. சில வாரங்களில் அது 200 ஆனது. மோடமும் சிம்மும் வைத்து மொத்தமாக அனுப்பும் வழி அத்தோடு அடைபட்டது.

2018இல் டிராய் கொண்டுவந்த விதிகள் இன்னும் கடுமையானவை. அனுப்பும் நிறுவனமும், ஆறெழுத்துத் தலைப்பும், செய்தியின் வார்ப்புருவும் முன்கூட்டியே பிளாக்செயின் பதிவேட்டில் ஏற வேண்டும். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தபோது, பதிவோடு பொருந்தாத செய்திகள் வழியிலேயே நின்றன. வங்கி, ஆதார், தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றின் ஓ.டி.பி.க்கள் வராமல் மக்கள் தவித்தனர்; மறுநாளே டிராய் அதை ஏழு நாள் நிறுத்திவைத்தது. விதி நல்லதுதான், ஆனால் போதிய ஒத்திகை இல்லாமல் வந்தது. இன்று அமேசானின் சேவை வழியாக அனுப்பினாலும், உள்நாட்டுக் கட்டணத்தில் செல்ல நிறுவனப் பதிவெண்ணும் வார்ப்புரு எண்ணும் வேண்டும்.

தமிழில் அனுப்புவோருக்கு இன்னொரு சுமை உண்டு. யூனிகோட் எழுத்துக்கு 16 பிட் என்பதால் 140 பைட்டில் 70 குறிகளே அடங்கும். ‘வணக்கம்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணக்கில் புள்ளிகளும் தனித்தனியாகச் சேர்ந்து ஏழு. ஆங்கிலத்தில் ஒரே துண்டில் முடியும் அறிவிப்பு தமிழில் இரண்டு மூன்று துண்டாகி, செலவும் அதற்கேற்ப ஏறுகிறது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான 7 பிட் அட்டவணைகள் பின்னர் உலகத் தரத்தில் சேர்ந்தன. நடைமுறையில் யூனிகோடே வழக்கமாக இருக்கிறது. அறிவிப்புகள் பலவும் ஆங்கிலத்திலேயே வருவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். தாய்மொழி மட்டும் வாசிக்கத் தெரிந்த வாடிக்கையாளருக்கு அது நியாயமல்ல.

பாதுகாப்பிலும் ஒரு குறை உண்டு. செய்தியைச் சுமக்கும் கட்டுப்பாட்டுத் தடம் தொலைபேசி நிறுவனங்கள் ஒன்றையொன்று நம்பிய காலத்தில் அமைந்தது. 2017 ஜனவரியில் ஜெர்மனியில் திருடர்கள் அந்தத் தடத்துக்குள் புகுந்து வங்கிகள் அனுப்பிய சரிபார்ப்புக் குறியீடுகளைத் தங்களுக்குத் திருப்பிவிட்டு, கணக்குகளைச் சுரண்டினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், குறுஞ்செய்தி வழிச் சரிபார்ப்பைக் கட்டுப்பாட்டுக்குரிய முறையாக வகைப்படுத்தியது. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியவை. அவை குறுஞ்செய்தி ஓ.டி.பி.யைத் தடை செய்யாமல், வேறு சரிபார்ப்பு முறைகளையும் வங்கிகள் தேர்ந்தெடுக்க இடம் கொடுத்திருக்கின்றன.