கொள்ளைநோயும் கூத்தும்

ஊரைக் கொள்ளைநோய் சூழ்ந்திருக்கையில் பாட்டுக்கும் கூத்துக்கும் என்ன வேலை என்று கேட்போர் உளர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமூக வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

முற்காலத்தில் பங்குனி, சித்திரை வெயிலோடு வைசூரியும் வரும் என்று மக்கள் அஞ்சினர். நோய் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். அயலார் உள்ளே நுழையார். நோயாளியின் அருகே மாரியம்மன் தாலாட்டுப் பாடப்பெறும். ஊர் விலகி நின்ற வேளையில் அப்பாட்டே அவனுக்குத் துணை. நோய் தணிந்தபின் நேர்த்திக்கடனாக முத்துமாரி கோயில் வீதியிலே காத்தவராயன் கூத்து விடிய விடிய ஆடப்பெறும். அச்சத்தாற் பிரிந்திருந்த ஊர், உடுக்கொலி கேட்டு மீண்டும் ஒன்றுகூடிய இரவு அது.

பாட்டு நோயைத் தீர்த்தது என்று நாம் கூறவில்லை. 1802ஆம் ஆண்டிலேயே அம்மைப்பால் குத்தும் முறை இலங்கைக்கு வந்துவிட்டது. வைசூரி உலகிலிருந்தே ஒழிந்தது என 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அது விஞ்ஞானம் ஈட்டிய வெற்றி. ஆயினும், 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார் என்பதை மறத்தலாகாது. மருந்தாயினும் கலையாயினும் மக்கள் மொழியிற் பேசும்போதே மக்களைச் சென்றடைகின்றது.

இனி, அக்கூத்தின் கதையை நோக்குவோம். குலங்கடந்து ஆரியமாலையை விரும்பிய காத்தவராயன் கழுமரம் ஏறுகின்றான். அவனுக்காகக் கண்ணீர் சிந்திய அதே சமூகந்தான், ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயிற் கதவை அடைத்தது. வைசூரி எல்லா வீட்டுக்கும் வந்தது. சன்னிதானத்துக்குச் செல்லும் வழியோ சிலருக்கே திறந்திருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்டது. அப்போராட்டத்தையொட்டி என். கே. ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’ காத்தவராயன் கூத்துப் பாணியையே கையாண்டது. நேர்த்திக்கடனாகப் பாடிய மெட்டு உரிமைக் குரலாக மாறிற்று.

2020இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தது. இத்தாலியில் மக்கள் மாடி முகப்புகளில் நின்று பாடினர். சென்னையில் ஓவியர்கள் வெறிச்சோடிய வீதியிலே கிருமியின் உருவைத் தீட்டி எச்சரித்தனர். இலங்கையில் மார்ச் 20ஆம் திகதி நாடளாவிய ஊரடங்கு பிறந்தது. யாழ்ப்பாண மாவட்டம் அபாய வலயங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டு வாரக்கணக்காக அடங்கிக் கிடந்தது. அது பங்குனி, சித்திரைக் காலம். கோயில் வீதிகளிற் கலை செழிக்கும் காலம். திருவிழா நின்றால் நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் வருவாய் இல்லை. கூத்துக் கலைஞருக்கோ மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ இல்லை.

நோய்க்காலத்திலே வீதியை மூடுவது அறிவுடைமை. ஆனால், அவ்வீதியை நம்பி வாழ்வோரின் அடுப்பு எரிகின்றதா என்று பார்ப்பதும் அரசின் கடமை, ஊரின் கடமை. நோய் நீங்கியபின் நம்மை மீண்டும் ஒன்றுகூட்டும் கலைஞனை நோய்க்காலத்திற் பட்டினி கிடக்க விடுவோமாயின், பின்னொரு நாள் உடுக்கை எடுக்க எவர் வருவார்?